‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்!’

வேலை பார்க்கும் இடத்தில் சில சமயம் ஒரு தாள் கொடுப்பார்கள். ‘உங்கள் வேலை உங்களுக்குத் திருப்தி தருகிறதா? மேலதிகாரி உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறாரா? மனசு சோர்ந்து போகிறதா?’ ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டம். ‘முழுக்க ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை’ வரை. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்!

ராஜபாளையம் பக்கம் ஒரு மில் தொழிலாளியிடம் இந்தத் தாளை நீட்டினால் என்ன ஆகும்? “எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்” என்று மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அதே மனிதர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது, “ச்சே... என்ன பொழப்புடா இது!” என்பார். நிஜமான பதில் அதுதான். ஆனால், அது மனைவி காதில் மட்டும்தான் விழுகிறது.

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து, அப்பா, மகன், பேரன் என்று தலைமுறையாக மில்லுக்குப் போன குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. சோறு போடுகிற இடத்தைப் பற்றித் தாளில் குறை எழுதிக் கொடுப்பது, வீட்டு விஷயத்தைத் தெருவில் பேசுகிற மாதிரி! பேண்டேஜ் துணி நெய்கிற சத்திரப்பட்டி விசைத்தறிக் கூடங்களில் இன்னும் சங்கடம். முதலாளியே சொந்தக்காரராகவும் இருப்பார். ‘உங்கள் மேலதிகாரி நியாயமாக நடக்கிறாரா?’ என்று சித்தப்பாவைப் பற்றிக் கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் நாளெல்லாம் அடுப்புச் சூட்டில் நின்று பால்கோவா கிண்டுகிறவருக்கு, அவர் பார்க்கிற வேலைக்குப் பொருந்துகிற கேள்வி ஒன்றுகூட அந்தத் தாளில் இருக்காது.

ஐந்து கட்ட முறை, 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர் கொண்டுவந்தது. அதை நாடு நாடாக எடுத்துப் போனபோதுதான் வில்லங்கம். ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், 1967-க்கும் 1973-க்கும் இடையே ஐ.பி.எம். கம்பெனியின் பல நாட்டு ஊழியர்களிடம் லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களை வாங்கி அலசினார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு சகஜமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அவர் போட்ட மதிப்பெண்ணில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. இதை வைத்து ‘இந்தியத் தொழிலாளி அடங்கிப் போகிறவன்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீசில் வாங்கிய பதிலை நூற்பு மில்லுக்குப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்காமல் பார்த்தே தெரிந்துகொண்ட ஒரு கதையும் நம் நாட்டில் உண்டு. 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் வந்தார். தானியங்கித் தறிக் கூடத்தில் 224 தறிகள், 29 ஆட்கள், 12 விதமான வேலை. யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத நிலை. ‘சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, இத்தனை தறி உங்கள் பொறுப்பு என்று விட்டால் என்ன?’ என்று பேச்சு எழுந்ததும், தொழிலாளிகளே ஆள் பிரித்துக் குழு அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதாரம் குறைந்தது.

சரி, தாளே கொடுத்தாலும் எந்த மொழியில் கொடுப்பது? ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு ‘மன அழுத்தம்’ என்று போடுகிறார்கள். ‘டிப்ரஷன்’ வந்தாலும் அதே மன அழுத்தம்தான்! ஜனங்கள் பேசுவதோ ‘டென்ஷன்’. ‘எனக்கு வேலையை விடும் எண்ணம் இல்லை’ என்று எழுதிவிட்டு ‘ஆமாம்/இல்லை’ கேட்டால் இன்னும் வேடிக்கை. “ஆமா, இல்லை” என்பதும் நம் ஊரில் ஒரே பதில், “இல்லை, இல்லவே இல்லை” என்பதும் அதே பதில்! அதனால்தான் மொழிபெயர்த்த கேள்வியை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மூலமொழிக்கு மாற்றச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இப்போது தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். எல்லோருக்கும் ஒரு இந்தித் தாளை நீட்டினால் போதும் என்று நினைப்பதும் அதே தப்புதான்.

நம்மவர்கள் மனக்கஷ்டத்தை மனக்கஷ்டம் என்று சொல்வது அபூர்வம். “மேலுக்கு முடியலை... தலை கிறுகிறுன்னு வருது... நெஞ்சு படபடங்குது” என்பார்கள். இது புரிந்துதானோ என்னவோ, வளரும் நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 20 கேள்வித் தாளில் முதல் கேள்வியே ‘அடிக்கடி தலை வலிக்கிறதா?’ என்பது. அப்புறம் பசி, தூக்கம், கை நடுக்கம், ஜீரணம்... உடம்பின் வழியாகவே மனசுக்குள் போகிற தாள் அது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. உடம்பு சொல்வதை மனசின் குறை என்று எண்ணிவிடுவது!

வார லீவு முடிந்து மறுநாள் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. வந்தாலும் சுறுசுறுப்பு இல்லை. ரிஜிஸ்டரில் ‘ஆப்சென்ட்’ விழுகிறது. “லீவுல தண்ணியைப் போட்டுட்டுப் படுத்திருப்பான்” என்று மேஸ்திரி சொல்வார். “சோம்பேறித்தனம்” என்று வீட்டிலும் பேச்சு வாங்குவார். பாவம், அவருக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது!

பஞ்சுத் தூசி நுரையீரலுக்குள் போவதால் வருகிற ‘பிஸினோசிஸ்’ நோயின் அடையாளமே இதுதான். லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கம், இருமல், மூச்சு வாங்கல். மறுநாள், அதற்கு மறுநாள் தானாகக் குறையும். அதனால் “சரியாப் போச்சு” என்று விட்டுவிடுவார்கள். வருஷக் கணக்கில் போனால் எல்லா நாளும் மூச்சு வாங்கும். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் இதை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங், நோயின் படிகளைக் கேள்விகளாலேயே பிரித்தார். ‘சில திங்கட்கிழமைகளில் மட்டும் இறுக்குகிறதா? எல்லாத் திங்களுமா? மற்ற நாட்களிலுமா?’

அந்தத் திங்கட்கிழமையை அப்படியே இங்கே கொண்டுவந்தால்? வெள்ளிக்கிழமை லீவு விடுகிற நாட்டில் அது சனிக்கிழமை. ஆளுக்கொரு நாள் வார லீவு கிடைக்கிற மில்லில் அது எந்தக் கிழமையாகவும் இருக்கலாம். ‘திங்கட்கிழமை நெஞ்சு இறுக்குகிறதா?’ என்று கேட்டால், புதன்கிழமை லீவுக்காரர் “இல்லை” என்று உண்மையைத்தான் சொல்வார். நோய் தப்பித்துவிடும்! ‘லீவு முடிந்து வந்த முதல் நாள்’ என்று கேட்க வேண்டும்.

ஆகவே, வீட்டில் இருப்பவர்கள் காலண்டரில் குறித்து வையுங்கள். எந்தெந்த நாளில் “நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு” என்கிறார், அதற்கு முந்தின நாள் லீவா, புளோ ரூமிலா கார்டிங்கிலா வேலை, பீடி சிகரெட் உண்டா... புகை இந்த நோயை இன்னும் மோசமாக்கும். இந்தக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள். பஞ்சு மில் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெறும் ஆஸ்துமா என்று மருந்து எழுதிவிட வாய்ப்பு உண்டு. சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் பிஸினோசிஸ் இருக்கிறது. மூச்சை ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை லீவு முடிந்த முதல் நாளில், ஷிப்டுக்குள் நுழையும் முன் ஒரு தடவை, முடிந்து வெளியே வந்ததும் ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே மூச்சின் அளவு இறங்கியிருந்தால், அதை எந்த மேஸ்திரியும் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது.