'மக்' என்றால் என்ன? சாணத்தைக் குறிக்கும் சொல் பத்திரிகையாளர்களுக்குப் பட்டமானது எப்படி?

ஊழலைத் தோண்டி எடுத்து வெளியிடும் செய்தியாளரை ஆங்கிலத்தில் 'மக்ரேக்கர்' என்று சொல்வார்கள். கேட்க கெத்தா இருக்கு இல்லையா? ஆனா இது முதலில் திட்டுவதற்காகப் பயன்பட்ட வார்த்தை!

பொருள் என்ன?

'மக்' என்றால் ஈரமும் பிசுபிசுப்புமான அழுக்கு. சேறு, சாணம், தொழு உரம் எல்லாமே இதில் அடங்கும். குளியலறையில் இருக்கும் மக் வேறு, இது வேறு. அது 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் முடியும். இது 'சி', 'கே' என்று முடியும். நம்ம ஊர் 'மக்கும் குப்பை'க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒலி மட்டும்தான் ஒன்று.

வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் சாணத்தைக் குறித்த சொல்லோடு இதற்கு உறவு உண்டு.

எப்படிப் பயன்படுத்துவது?

* மக்கி: அழுக்கான. சேற்றில் விளையாடிட்டு வரும் பிள்ளையின் சட்டை 'மக்கி'.
* மக் அவுட்: தொழுவத்தில் சாணத்தை அள்ளிச் சுத்தம் செய்வது.
* மக் அப்: ஒரு காரியத்தைச் சொதப்புவது.
* மக் இன்: எல்லோருடனும் சேர்ந்து வேலையில் கை கொடுப்பது.

இவை பிரிட்டனில்தான் அதிகம் புழங்குகின்றன. அழுக்கு வேலை இருக்கும் இடத்தில்தான் காசு இருக்கும் என்ற பொருளில், இந்தச் சொல்லை வைத்து வட இங்கிலாந்தில் ஒரு பழமொழியே உண்டு.

பத்திரிகையாளர்களுக்கு எப்படி வந்தது?

'ரேக்' என்றால் குப்பை வாரும் கருவி. ஜான் பன்யன் எழுதிய 'தி பில்க்ரிம்ஸ் ப்ராக்ரஸ்' நூலின் 2-ம் பாகம் 1684-ல் வெளியானது. அதில் ஒரு மனிதன் குனிந்தபடி குப்பையைக் கிளறிக்கொண்டே இருப்பான். தலைக்கு மேல் கிரீடத்தை நீட்டினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

1906 ஏப்ரல் 14 அன்று அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், எதிலும் அழுக்கை மட்டுமே பார்க்கும் எழுத்தாளர்களை இந்த மனிதனோடு ஒப்பிட்டுப் பேசினார். அழுக்கை வாரத்தான் வேண்டும், ஆனால் எப்போது நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும் என்பதே அவர் வாதம். அந்த வசவையே பத்திரிகையாளர்கள் பட்டமாக ஏற்றுக்கொண்டார்கள்.

கிளறியதால் என்ன நடந்தது?

ஐடா டார்பெல் என்ற பெண் பத்திரிகையாளர், ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் போட்டியாளர்களை நசுக்கிய விதத்தை 1902 முதல் தொடராக எழுதினார். 1911-ல் அந்த நிறுவனத்தைப் பிரிக்கும்படி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிகாகோ இறைச்சி ஆலைகளின் சுகாதாரக் கேட்டை அப்டன் சின்க்ளேர் 'தி ஜங்கிள்' நாவலில் காட்டினார். அது புத்தகமாக வந்த அதே 1906-ல், ஜூன் 30 அன்று உணவுத் தூய்மைக்கும் இறைச்சிப் பரிசோதனைக்கும் இரண்டு சட்டங்கள் வந்தன.

அவற்றில் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? இரண்டரை மாதம் முன்பு 'மக்' பற்றிப் பேசிய அதே ரூஸ்வெல்ட்தான்!