உறையாத வெளிக்குழாய்

உறையாத வெளிக்குழாய் என்பது கடுங்குளிர் நாடுகளில் தோட்டத்துக்கும் கார் கழுவவும் வீட்டின் வெளிச்சுவரில் பொருத்தப்படும் ஒரு வகைத் தண்ணீர்க் குழாய் ஆகும். பெயரைப் பார்த்து, பனியைத் தாங்கும் ஏதோ சிறப்பு உலோகத்தால் ஆனது என்று எண்ணிவிடக் கூடாது. மற்றக் குழாய்களைப் போல இதுவும் பித்தளையும் செம்பும்தான். பனி வரும்போது தன்னுள் தண்ணீர் தங்காமல் பார்த்துக்கொள்வதே இதன் உத்தி.

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் இதற்குத் தேவையே இல்லை. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை என்பதுதான் இங்குள்ள குறை. ஆனால் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் சனவரி இரவுகளில் வெப்பநிலை −10 பாகை செல்சியஸ் வரையும், சில நாட்களில் −20 பாகை வரையும் இறங்கும். அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் வாடகைக்கு இருப்பது வீட்டின் அடித்தள அறைகளில். வெளிக்குழாய் வெடித்தால் முதலில் நனைவது அந்த அறைதான்.

குழாய் ஏன் வெடிக்கிறது

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் உறைந்து நிற்கும், சீசா உடையாது. எண்ணெய் உறையும்போது சுருங்குகிறது. பெரும்பாலான பொருட்களின் இயல்பு அதுதான். தண்ணீரோ 4 பாகை வரை குளிரக் குளிரச் சுருங்கி, அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும் இந்தச் செய்திதான் அங்கே வீட்டுச் சுவரை நனைக்கிறது.

பனிக்கட்டி குழாயின் சுவரை நேராக நெட்டித் தள்ளிப் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பு உண்டாகிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய வால்வுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் நெருக்கப்படுகிறது. தண்ணீரை அமுக்குவது மிகக் கடினம் என்பதால் அழுத்தம் மளமளவென்று ஏறும். வீட்டுக் குழாயில் சாதாரணமாக 3 முதல் 5 வளிமண்டல அழுத்தம் இருக்கும். முற்றிலும் அடைபட்ட இடத்தில், −5 பாகையில் பனிக்கட்டி 500 வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம் தர வல்லது. அதனால் வெடிப்பு பனிக்கட்டி இல்லாத இடத்திலும் விழும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. வெப்பக் காப்பில்லாத குழாய்களுக்கு, வெளிவெப்பநிலை −7 பாகையை நெருங்கும்போது ஆபத்து தொடங்குகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

அமைப்பும் பொருத்தும் முறையும்

சாதாரணக் குழாயில் வாஷர் கைப்பிடிக்கு அடியிலேயே, குளிரில் இருக்கிறது. உறையாத குழாயில் கைப்பிடி மட்டும் வெளியே. அதனுடன் சேர்ந்த நீண்ட தண்டு சுவரைத் துளைத்துச் சென்று, வீட்டின் வெதுவெதுப்பான பகுதியில் உள்ள வாஷரைத் திருகுகிறது. குழாயின் நீளம் 10 முதல் 35 சென்டிமீட்டர் வரை பல அளவுகளில் கிடைக்கும். சுவரின் கனத்தையும் அதன் உட்புறமுள்ள காப்புப் பஞ்சின் கனத்தையும் கூட்டி, அதற்கு மேலும் உள்ளே போகும் நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாஷர் பஞ்சுக்கு வெளிப்பக்கமே நின்றுவிட்டால் விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

மூடியதும் வாஷருக்கு முன்னால் நீளக்குழாயில் எஞ்சிய தண்ணீர் வெளியே வடிந்துவிட வேண்டும். ஆகவே குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 5 பாகைக் கோணம் போதும். பெரும்பாலான குழாய்களுடன் ஆப்பு வடிவத் தகடு ஒன்று வரும். அதைச் சுவருக்கும் குழாயின் விளிம்புக்கும் நடுவே வைத்துத் திருகினால் சரிவு தானே அமையும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. உட்பக்கம் சரிந்த குழாய் தண்ணீரைத் தேக்கி வைத்து உறையும்.

உள்ளே செம்புக் குழாயுடன் பற்றவைப்பதானால், முதலில் தண்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். இல்லையேல் சூட்டில் ரப்பர் வாஷர் கெடும். சுவர்த் துளையைச் சுற்றிக் காற்றுப் புகாதபடி அடைக்க வேண்டும். முன்பழக்கம் இல்லாதவர்கள் பிளம்பரை வைத்துச் செய்வதே உத்தமம்.

இந்தக் குழாயை மூடிய பின்பும் சில விநாடிகள் தண்ணீர் வடியும். அது பழுதன்று, அப்படி வடிவதுதான் அதன் வேலை. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று வளர்ந்த நம் கைக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது, இன்னும் இறுக்கிவிடுவோம். இறுக்க இறுக்க வாஷர்தான் தேயும்.

ஹோஸ் குழாய்

உறையாத குழாய் வெடிப்பதற்கு முக்கியக் காரணம், தோட்டத்து ஹோஸைக் கழற்றாமல் விடுவது. ஹோஸ் நிறையத் தண்ணீர் நின்றால் நீளக்குழாய் வடிய வழியில்லை. முதல் கடுங்குளிரிலேயே சுவருக்குள் பிளந்துவிடும். ஆனால் அன்று ஒன்றும் தெரியாது. பிளவு வாஷருக்கு வெளிப்பக்கம் இருப்பதால் குளிர்காலம் முழுவதும் ஒரு துளி கசியாது. மே மாதம் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறந்ததும், தண்ணீர் சுவர் வழியே அடித்தள அறைக்குள் கொட்டும். வெளியே நிற்பவருக்குக் குழாயில் வேகம் கொஞ்சம் குறைந்தது போல மட்டுமே தோன்றும். எனவே அக்டோபரிலேயே ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். வசந்தத்தில் முதன்முறை திறக்கும்போது ஒருவர் உள்ளே நின்று சுவரைப் பார்க்க வேண்டும்.

குழாயின் தலையில் காற்றை உள்ளே விடும் சிறு மூடி ஒன்றும் இருக்கும். ஹோஸின் முனை பூச்சிமருந்து வாளியில் கிடக்க, தெருக்குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், வடிகுழாய்த் தத்துவப்படி மருந்து குடிநீருக்குள் இழுக்கப்படலாம். மூடி காற்றை விட்டு அதைத் தடுக்கிறது.

பிற வழிகள்

பழைய வீடுகளில் சாதாரண வெளிக்குழாயே இருக்கும். அதற்கு வரும் கிளையை வீட்டுக்குள்ளிருக்கும் வால்வில் அடைத்து, வெளிக்குழாயைத் திறந்தே விட்டால் போதும். செலவில்லாத வழி, ஆண்டுதோறும் மறவாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நீலகிரியில் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் விழும் உறைபனி காலை வெயிலில் நீங்கிவிடும். அங்கே வெளிக்குழாயில் சாக்குச் சுற்றினாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். லடாக்கின் லே நகரில் குளிர் மாதக்கணக்கில் நீடிப்பதால் தண்ணீர்க் குழாய்களை மண் உறையும் ஆழத்துக்குக் கீழே புதைக்க வேண்டும். சுவரில்லாத திறந்தவெளிக்கு வேறொரு வகைக் குழாய் உண்டு. அதன் கைப்பிடி மேலே இருக்க, வால்வு உறையாத மண்ணின் ஆழத்தில் இருக்கும். நம்மூர் அடிகுழாயில் பிடி மேலேயும் வேலை நடக்கும் இடம் கீழேயும் இருப்பது போல. மூடியதும் செங்குத்துக் குழாயில் நின்ற தண்ணீர் அடியிலுள்ள சிறு துளை வழியே இறங்கிவிடும். அதை உறிஞ்சிக்கொள்ள, நடும்போதே துளையைச் சுற்றிச் சரளைக்கல் போட்டு வைப்பார்கள்.