உண்ணியின் குடலும் எலியின் காதும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரைச் சுற்றி 1970களின் நடுவில் பல குழந்தைகளுக்கு மூட்டுகள் வீங்கின. உண்ணிக்கடியே காரணம் என்ற சந்தேகம் விரைவில் வலுத்தது. கிருமி எது என்பதுதான் பிடிபடவில்லை. 1981இல் மொன்டானாவிலுள்ள ராக்கி மலை ஆய்வகத்தில் வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க்கின் ஷெல்டர் தீவில் பிடித்த உண்ணிகளில் வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். உண்ணியின் கால் நுனியை வெட்டி, அதில் கசியும் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது அவர் முறை. தேடிய கிருமி கிடைக்கவில்லை. இரண்டு உண்ணிகளின் துளியில் மட்டும் நுண்புழுக்கள் நெளிந்தன. குடலிலும் புழு இருக்கிறதா என்று அறுத்துப் பார்த்தவரின் கண்ணில் பட்டவை, திருகுச் சுருள் போன்ற மெல்லிய பாக்டீரியாக்கள்.

கண்ணில் பட்டதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. உண்ணியின் குடலில் தீங்கற்ற உயிர்களும் குடியிருக்கும். அந்தக் கிருமியைத் தனியே பிரித்து, உயிரோடு வளர்த்துக் காட்டியவர் ஆலன் பார்பர். முயல் சீரம் முதலியவை சேர்ந்த ஊட்டக் கரைசலில், உடல் வெப்பத்துக்குச் சற்றுக் குறைந்த சூட்டில், அது வாரக்கணக்கில் மெல்ல வளர்ந்தது. பிறகு நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் அதே கிருமி பிரிக்கப்பட்டது, வழக்கு முடிந்தது. 1984இல் அதற்கு பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயரிட்டார்கள்.

விலங்குகளிடம் வரும்போது, கிருமியை உயிரோடு வளர்த்தெடுக்கும் இந்த உழைப்பின் அருமை இன்னும் துலக்கமாகிறது. நாயின் ரத்தத்திலோ மானின் ரத்தத்திலோ கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) இருந்தால், அந்த விலங்கைக் கிருமி என்றோ தொட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அது இன்னொரு உண்ணிக்குக் கிருமியைக் கொடுக்குமா என்பதை எதிர்ப்புரதம் சொல்லாது. ஆனால் வெண்கால் எலியின் காதில் ஒரு சிறு துணுக்கை எடுத்து ஊட்டக் கரைசலில் இட்டால் உயிருள்ள கிருமி வளர்கிறது. எலியைக் கொல்லவும் வேண்டியதில்லை. முட்டையிலிருந்து வரும் உண்ணிக் குஞ்சுகள் பெரும்பாலும் கிருமியற்றவை. அவை எலியின் ரத்தத்தைக் குடித்தால் கிருமி தொற்றுகிறது. மானின் ரத்தத்தைக் குடித்தால் ஏறக்குறையத் தொற்றுவதே இல்லை. மான் வளர்ந்த உண்ணிக்குச் சோறு போடுகிறது. கிருமியைக் காத்து வைத்திருப்பதோ எலி. எதிர்ப்புரதத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த வேறுபாடு தெரியாமலே போயிருக்கும்.

சில மணி நேரத்தில் பிசிஆர் சோதனை விடை சொல்லும்போது வாரக்கணக்கில் காத்திருப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆயிரக்கணக்கான உண்ணிகளைச் சலித்தெடுக்க பிசிஆரே ஏற்றது. பொரேலியா மயோனி என்ற புதிய இனத்தின் முதல் தடயமும், 2016இல் வெளியான ஆய்வின்படி, வழக்கத்துக்கு மாறான ஒரு பிசிஆர் முடிவிலிருந்துதான் கிடைத்தது. ஆனால் பிசிஆர் காண்பது மரபணுத் துண்டை. செத்த கிருமியும் அதை விட்டுச் செல்லும். எந்த மருந்துக்கு மடியும், எலியிடமிருந்து உண்ணிக்கு எப்படித் தாவும் என்பதையெல்லாம் உயிருள்ள கிருமியிடம்தான் கேட்டறிய முடியும். மயோனியையும் ஆய்வகத்தில் வளர்த்த பிறகே முழுமையாக அறிய முடிந்தது. ஆகவே விரைவுச் சோதனை வழி காட்டட்டும். தீர்ப்பை வளர்ப்புச் சோதனை சொல்லட்டும். ஒரு காட்டில் எந்த விலங்கைக் கட்டுப்படுத்துவது என்று முடிவெடுப்பவர்கள், அதன் உடலிலிருந்து உயிருள்ள கிருமி கிடைத்ததா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மானைத் துரத்திக்கொண்டே எலியைத் தப்பவிடுவோம்.