துரை வாசலிலிருந்து தணிகைப் படிக்கு

டிசம்பர் 31 இரவு திருத்தணி மலைப்படியில் வேகமாக ஏற முடியாது. படிக்குப் படி மஞ்சள் குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். ஆண்டின் நாள்களைப் போலவே படிகளும் 365.

இந்தப் படித் திருவிழா ஆதிகாலத்து வழக்கம் போலத் தோன்றும். ஆனால் தொடங்கியவர் பெயரே நமக்குத் தெரியும்: வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஜனவரி முதல் தேதி வெள்ளைக்காரத் துரைகளைக் கண்டு வாழ்த்துச் சொல்லப் போனவர்களை, துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனிடம் அவர் திருப்பிவிட்டார். ஆட்சியாளருக்குச் செய்த மரியாதை அப்படியே சாமிக்கு இடம் மாறியது. சடங்கு என்றாலே மாறாதது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பழைய நிலையிலிருந்து பிரிதல், இரண்டுங்கெட்டான் நிலையில் இருத்தல், புதிய நிலையில் சேர்தல் என்று கடப்புச் சடங்குகளை மூன்று கட்டமாக 1909-இல் வகுத்தார் மானிடவியலாளர் வான் கென்னப். ஆப்பிரிக்காவின் நிடெம்பு மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த விக்டர் டர்னர், அந்த நடுக்கட்டத்தில் மேல் கீழ் மறைந்து தோழமை பிறக்கிறது என்றார். பாதிப் படியில், பழைய ஆண்டு முடியாமலும் புதியது பிறக்காமலும், முன்பின் தெரியாதவர்கள் ஒரே பாட்டைப் பாடும்போது அவர் சொன்னது உண்மைதான்.

ஆனாலும் எனக்கு மானிடவியலாளர் ஐராவதி கார்வேதான் முக்கியமானவர். மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்துக்குப் பக்தர்களோடு தானும் நடந்தவர் அவர். ஒன்றாகப் பாடியவர்கள் சோற்று வேளையில் சாதிவாரியாகப் பிரிந்ததைக் கண்டு வேதனையோடு எழுதினார். சடங்கை ஆராய்பவர் பாட்டைக் கேட்டால் மட்டும் போதாது. பந்தியையும் பார்க்க வேண்டும்.

தணிகையில் பார்க்க நிறைய உண்டு. ம.பொ.சி. போன்றோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாநில எல்லை மாறியும் பக்தியின் எல்லை மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திரப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் பூக்காவடியோடு வருகின்றன. மொழியால் பிரித்த மக்களை ஒரு நேர்த்திக்கடன் ஆண்டுதோறும் சேர்த்துவைக்கிறது.

முடி காணிக்கை மண்டபத்திலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2021-இல் தமிழகக் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை அரசு நீக்கியது. முடி இறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. காணிக்கை கொடுப்பவரின் பக்தியைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். கத்தி பிடிப்பவருக்கு அந்தத் தொகை போதுமா, அவர் பிள்ளையும் இதே வேலைக்குத்தான் வர வேண்டுமா என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கேட்டு எழுத வேண்டும்.