விதைக்கு வைக்க முடியாத மக்காச்சோளம்

புதுக்கடைப் பக்கம் மரச்சீனி நடுகிறவர் கம்புக்காகக் கடை தேடிப் போவதில்லை. கிழங்கு பிடுங்கும்போது நல்ல மூட்டில் கம்பு வெட்டி நிழலில் சாத்தி வைப்பார். போதாவிட்டால் பக்கத்து விளையில் கேட்டு வாங்குவார். மட்டியும் செந்துளுவனும் கன்றுகளாகக் கைமாறி வந்தவைதான். அவரே நாலு வரிசை மக்காச்சோளம் போட்டால், ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைப் பாக்கெட்டுக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்தைப் பயிரிட இந்தியாவில் அனுமதி இல்லை. அது நல்லதே. ஆனால் கடையில் இருப்பவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். தனித்தனியே பெருக்கிய இரண்டு தூய வழிகளைச் சேர்த்து எடுத்த விதை அது. முதல் விளைச்சல் ஒரே சீராகக் கொழிக்கும். அந்தக் கதிரிலிருந்தே விதைத்தால் ஒரு செடி நெடுநெடுவென்று நிற்கும், இன்னொன்று குட்டையாக நிற்கும், கதிரும் சிறுத்துப்போகும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் நமக்கு உரிமை தருகிறது. சேமித்தால் பயன்படாத விதைக்கு அந்த உரிமை எதற்கு?

மாற்று இல்லாமல் இல்லை. 1961இல் கங்கா, தக்காண் முதலிய ஒட்டு ரகங்கள் வந்தன. 1967இல் விஜய், கிசான், ஜவாஹர் போன்ற காம்போசிட் ரகங்களையும் அரசு விஞ்ஞானிகளே வெளியிட்டார்கள். இந்தக் காம்போசிட் ரகங்களில் விதை எடுத்து வைக்கலாம். மகசூல் ஒட்டு ரகத்தைவிடக் குறைவுதான். விதைச் செலவும் குறைவு. ஆனால் மக்காச்சோள மகரந்தம் காற்றில் பறப்பது. கதிரின் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கானது. எந்த வயலின் தூள் அதில் விழுகிறதோ அந்தக் குணம் மணிக்குள் ஏறிவிடும். அதனால் விதைப் பயிரை மற்ற மக்காச்சோளத்திலிருந்து இருநூறு மீட்டராவது தள்ளிப் போட வேண்டும், வயலின் நடுப்பகுதியில் பல செடிகளிலிருந்து கதிர் பொறுக்க வேண்டும். தனி ஒருவரின் துண்டு நிலத்தில் இது கஷ்டம். ஊர் சேர்ந்தால் முடியும்.

பருத்தியில் நடந்ததை மறக்கக் கூடாது. 2002இல் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். இயற்கைப் பருத்தி போட விரும்புகிறவர் சாதாரண விதைக்கு அலைகிறார். மக்காச்சோளம் பிறந்த மெக்சிகோ, மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்தைப் பயிரிடக் கூடாது என்று 2025இல் தன் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தது.

இங்கே தடை மட்டும் போதாது. பழனி அருகே வாகரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒட்டு ரகங்களோடு, விதை எடுக்கக்கூடிய ரகங்களையும் பெருக்கி, வேளாண் விரிவாக்க மையங்களில் அரைக் கிலோ, ஒரு கிலோ பைகளாக வைக்கட்டும். பைமேலேயே ‘அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கலாம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடட்டும்.