தொலைநாட்டு வானொலி நிலையங்களுடன் பேசுவது எப்படி?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அவ்வேளையில் போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் அமெச்சூர் வானொலிக் கருவியின்வழி செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். உயிர் தப்பியோரின் நலச்செய்தி உறவினர்க்கு எட்டியது. அவர் அங்குச் சென்றிருந்ததோ, தொலைநாட்டு நிலையங்களுடன் உரையாடுவதற்கே!

நூறு வாட் ஆற்றலே கொண்ட கருவி கடல் கடந்து பேசுவது எங்ஙனம்? வானின் உயரத்தே உள்ள அயனி மண்டலம் சிற்றலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே, நேரமறிந்து அழைத்தலே முதற்பாடம். பகலில் 14 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்ட அலைகளும், இரவில் 7 மெகாஹெர்ட்ஸும் பெரும்பாலும் ஏற்றவை. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளை விழுங்கும் கீழ் அடுக்கு கதிரவன் எழுந்தபின்னரே வலுப்பெறும். எனவே, நாம் பெரட்டுக்குப் புறப்படும் விடியற்பொழுதும், அந்தி மாலையும் அவ்வலைகளுக்குப் பொன்னான வேளைகள்.

இரண்டாவது, ஏரியல். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கம்பி போதும். அதை நடுவில் இரண்டாகப் பிரித்து உயரத்தில் கட்ட வேண்டும். மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் கட்டுதல் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, பொறுமை. முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். அரிய தீவொன்றின் குரல் கேட்டால் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் அழைப்பர். அதனால் அந்நிலையத்தார், "ஐந்து மேலே கேட்கிறேன்" என்று அறிவிப்பதுண்டு. அப்போது அவர் பேசும் அலையில் அழைக்காமல், 5 கிலோஹெர்ட்ஸ் மேலே அழைத்தல் வேண்டும். நம் அழைப்புக்குறியை ஒருமுறை தெளிவாகக் கூறிக் காத்திருத்தல் நன்று. எழுத்துகளை 'ஆல்பா', 'பிராவோ' என்று சொற்களாக உச்சரித்தால் பிழை நேராது. தொடர்பு கிடைத்ததும் ஒலித்தரத்தைச் சுருக்கமாகத் தெரிவித்து, மற்றவர்க்கு வழிவிட வேண்டும். நேரத்தை உலகப் பொதுநேரத்தில் குறித்தல் மரபு. மலேசிய நேரம் அதற்கு 8 மணி முந்தியது.

உரிமமின்றி ஒலிபரப்புதல் குற்றமாகும். தேர்வில் தேறியோர்க்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்றவரை அணுகி நம் இளைஞர்கள் இக்கலையைக் கற்கலாம். இன்று பழகும் பொறுமையும் தெளிவும், நாளை வெள்ளம் சூழும் வேளையில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.