நுண்ணிய மேக்கப்புக்கு எந்த எயார்பிரஷ்?

உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு

கல்யாண வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் மணப்பெண்ணின் சாறியைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுவார்கள். நகையைப் பற்றி இன்னும் அரை மணித்தியாலம். முகத்தைப் பற்றி மட்டும் "வடிவா இருக்கா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு சொல்லுக்காக என் சாச்சி மூன்று மணித்தியாலம் நின்றபடியே வேலை செய்வார். எங்கள் ஊரில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவர்களில் அவரும் ஒருவர். அவருடைய இரண்டு பிள்ளைகளின் ரியூஷன் காசும் அதில் இருந்துதான் போகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மணப்பெண்ணின் உம்மா சாச்சியிடம் வந்தார். பெண்ணுக்குச் சிறு வயதில் சுடுநீர் கொட்டி, தாடையில் இருந்து கழுத்து வரைக்கும் தழும்பு. "அது தெரியாம செய்து தருவீங்களா?" என்று கேட்டார். ஸ்பொஞ்சினால் ஒற்றினால் தழும்பு மறையும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் சாந்து பூசியது போலத் தடித்துத் தெரியும். எயார்பிரஷ் இருந்தால் மெல்லிய படையாக மறைக்கலாம் என்று யாரோ சொல்ல, சாச்சி சீட்டுக் காசை எடுத்து இணையத்தில் ஒரு பெட்டியை வாங்கினார். "நுண்ணிய வேலைக்கு ஏற்றது, 0.2 மில்லிமீற்றர்" என்று அதில் போட்டிருந்தது. நுண்ணிய வேலைதானே வேண்டும், இதுவே சரி என்று நினைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று பாதி முகம் முடிந்த நிலையில் அது அடைத்துக்கொண்டது. பிறகு திடீரென்று திறந்து, கன்னத்தில் தவிட்டு நிறத் துளிகளைத் துப்பியது. சாச்சி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பழையபடி ஸ்பொஞ்சினால் செய்து முடித்தார். மணப்பெண் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கூலியில் பாதியைத்தான் சாச்சி வாங்கினார். அடுத்த நாள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "நீதானே புள்ள சயன்ஸ் படிக்கிறாய், இது ஏன் துப்புது என்று பாரு" என்றார்.

பார்த்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான். உங்கள் வீட்டிலும் யாராவது இந்தத் தொழிலைச் செய்தால், அல்லது படிப்பு முடிந்து நீங்களே தொடங்க நினைத்தால், காசைக் கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

எயார்பிரஷ் புதுப் பொருள் அல்ல. 1870களின் இறுதியில் அமெரிக்காவில் அப்னர் பீலர் என்பவர் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். அப்போது அது நீர்வர்ணம் தீட்டுவதற்கும் புகைப்படங்களைத் திருத்துவதற்கும் பயன்பட்டது. முகத்துக்கு வந்தது பிறகுதான். ஆனால் வேலை செய்யும் விதம் இன்றைக்கும் ஏறத்தாழ அதேதான். பேனாவைப் போன்ற ஒரு குழாய். அதன் நடுவே நீளமான ஒரு ஊசி. ஊசியின் கூர்முனை நொசில் எனப்படும் சிறு துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஊசியைப் பின்னுக்கு இழுத்தால் துளை திறக்கும். அந்த முனையைச் சுற்றி வேகமாக வளி பாயும்போது அங்கே அமுக்கம் குறையும். அதனால் திரவம் வெளியே இழுபட்டு, வளியோடு சேர்ந்து பனி போலச் சிதறும். பேணூலியின் தத்துவத்தைப் பரீட்சைக்கு எழுதுகிற எங்களுக்கு இதைக் கையில் பிடித்துப் பார்ப்பது ஒரு சந்தோஷம்.

இனிச் சாச்சி ஏமாந்த இடத்துக்கு வருவோம். 0.2, 0.3, 0.35, 0.5 என்று சொல்லப்படுபவை அந்த நொசில் துளையின் விட்டங்கள். சிறிய துளை என்றால் மெல்லிய கோடு என்பது பொய்யில்லை. ஆனால் அது மைக்குப் பொருந்தும், பவுண்டேஷனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பவுண்டேஷனில் நிறம் கரைந்து இருப்பதில்லை. தைத்தேனியம் ஈரொட்சைட்டு, இரும்பு ஒட்சைட்டுகள் போன்றவற்றின் நுண்ணிய தூள் திரவத்தில் மிதக்கிறது. தோலை மூடி மறைப்பதும் அந்தத் தூள்தான். மறைக்கும் சக்தி கூடக் கூடத் தூளும் கூடும், தடிப்பும் கூடும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு மாறுவதால் 0.35 துளை 0.2 துளையைப் போல மூன்று மடங்கு பெரியது. தழும்பை மறைக்கிற தடித்த திரவத்தை 0.2 துளைக்குள்ளால் அனுப்பினால் அது அடைக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊர் வெக்கையில் ஊசி முனையிலேயே கொஞ்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அது பெயர்ந்து போகும்போதுதான் அந்தத் துப்பல்.

ஆகவே முகத்தில் நுண்ணிய வேலைக்கு 0.3 அல்லது 0.35 வாங்குவதே புத்தி. இவாட்டா நிறுவனத்தின் எக்லிப்ஸ் எச்.பி.-சி.எஸ். 0.35 அளவுதான், பலவகை வேலைக்கும் அதை வைத்திருப்பார்கள். 0.5 உடம்புக்கும் முழு முகத்துக்கும் வேகமாக அடிக்க நல்லது, ஆனால் புருவ ஓரத்தில் கட்டுப்படுத்துவது கஷ்டம். 0.2 வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் போல மெல்லிய, மதுசார அடிப்படையிலான நிறங்களால் புருவ மயிர் ஒவ்வொன்றாக வரைகிறவர்களுக்கு அது உதவும். முதலாவதாக வாங்க அது உகந்ததல்ல.

உண்மையில் கோட்டின் மெல்லிய தன்மையைத் தீர்மானிப்பது துளை மட்டுமல்ல. கையின் தூரம், வளியின் அமுக்கம், ஊசியை எவ்வளவு இழுக்கிறோம் என்பன மூன்றும் சேர்ந்துதான். முழு முகத்துக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளி நின்று அடிக்கலாம். தழும்பின் ஓரத்துக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரைக்கும் நெருங்க வேண்டும். நெருங்கும்போது அமுக்கத்தையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈர நிறத்தை வளி நாலு பக்கமும் தள்ளி, சிலந்திக்குக் கால் முளைத்தது போல ஆகிவிடும்.

இதனால்தான் விசை எப்படிப்பட்டது என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒற்றைச் செயல் கருவியில் அமத்தினால் வளியும் நிறமும் ஒன்றாக வரும். நிறத்தின் அளவைப் பின்னால் உள்ள திருகில் முன்கூட்டியே வைக்க வேண்டும். இரட்டைச் செயல் கருவியில் விசையைக் கீழே அமத்தினால் வளி மட்டும் வரும், பின்னுக்கு இழுத்தால்தான் நிறம் வரும். ஒரு விரல் அசைவிலேயே புள்ளியைப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்கலாம். பழக ஒரு மாதமாவது செல்லும். ஆனாலும் நுண்ணிய வேலைக்கு இதுதான் வேண்டும். சிலவற்றில் ஊசி குறிப்பிட்ட அளவுக்கு மேல் பின்னுக்குப் போகாமல் தடுக்கும் திருகு ஒன்றும் இருக்கும். பழகுகிறவர்களுக்கு அது பெரிய உதவி, ஒரேயடியாக இழுத்துக் கொட்டிவிட மாட்டீர்கள்.

கிண்ணம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மேலே இருந்தால் திரவம் தன் நிறையினாலேயே இறங்கும். குறைந்த அமுக்கம் போதும், சில துளி நிறமும் போதும். கீழே போத்தல் தொங்கும் வகையில் திரவத்தை மேலே உறிஞ்ச வேண்டியிருப்பதால் கூடிய அமுக்கம் தேவை. பத்துப் பேருக்குத் தொடர்ந்து உடம்பில் வர்ணம் தீட்டுகிறவர்களுக்கு அது சரி, ஒரு முகத்துக்குப் பொருந்தாது. மேல் கிண்ணம் வாங்கும்போது மூடி இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில்லாத கிண்ணத்தோடு வெள்ளைச் சாறி மணப்பெண்ணின் மேல் குனிவதை யோசித்தாலே எனக்கு நெஞ்சு பதறும்.

கொம்ப்ரஸர் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. மாமா கராஜ் வைத்திருக்கிறார். "என்ட கொம்ப்ரஸர் சும்மாதானே கிடக்குது, ஏன் வீணா காசைக் கொட்டுறீங்க?" என்றார். வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிற அந்த இயந்திரத்தின் வளியோடு எண்ணெய்ப் புகாரும் கலந்து வரலாம். அமுக்கமும் மிக அதிகம். முகத்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை போதும், கண்ணுக்கு அருகில் அதிலும் குறைவு. ஒரு காரின் டயருக்கே ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. அடிக்கிறார்கள் என்றால் கணக்குப் பாருங்கள். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

எண்ணெய் இல்லாத, அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் மானியும் உள்ள சின்ன கொம்ப்ரஸர் போதும். சிறு தாங்கி இருந்தால் வளி துடிக்காமல் சீராக வரும்; துடித்தால் கோட்டிலும் அந்தத் துடிப்பு தெரியும். கைப்பிடியோடு பொருத்திய மின்கல வகைகளும் இருக்கின்றன. 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாளையும் பார்த்தவர்கள் நாம், அதனால் அவற்றை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஆனால் பலவற்றில் அமுக்கத்தை இரண்டு மூன்று படியில்தான் மாற்றலாம். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தால் 230 வோற்றுக்கு உரியதா என்று வாசித்துப் பாருங்கள். 110 வோற்று இயந்திரத்தை நமது செருகியில் போட்டால் அன்றோடு சரி.

அதோடு ஈரம் பிடிக்கும் வடி ஒன்று கட்டாயம். கடற்கரை ஊர்களில் வளியில் நீராவி அதிகம். கொம்ப்ரஸர் அதை அமுக்கி, பிறகு குழாயில் குளிரும்போது தண்ணீராக ஒடுங்கும். அந்தத் துளி நொசிலால் வந்து விழுந்தால் ஒரு மணித்தியால வேலை போய்விடும். விலையும் அதிகமில்லை, ஆனால் மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கடைக்குப் போய் வாங்க முடிந்தால் போய் வாங்குங்கள். ஒரு போத்தல் தண்ணீரில் இரண்டு துளி நிறம் கலந்து கொண்டுபோய், கடதாசியில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் புள்ளி, பிறகு ஒரு முனையில் தடித்து மறு முனையில் மெலிந்து மறைகிற கோடு. கோடு இடையில் அறுந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஊசி வளைந்திருக்கலாம். ஊசியின் முனையைப் பஞ்சில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் வளைந்த முனையில் பஞ்சு கொளுவும். வளியை மட்டும் திறந்து வைத்திருக்கும்போது கிண்ணத்தில் குமிழி வந்தால் நொசில் இறுக்கமாக இல்லை, அல்லது வெடித்திருக்கிறது. உள்ளே இருக்கும் வொஷர் டெஃப்லோனா இறப்பரா என்றும் கேளுங்கள். சாதாரண இறப்பர் சில கழுவும் திரவங்களில் ஊதிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே கருவிக்கு ஊசியும் நொசிலும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஊசி என்றைக்காவது கீழே விழத்தான் போகிறது. சாச்சியின் முதல் கருவிக்கு மாற்று நொசில் எங்குமே கிடைக்கவில்லை.

நிறத் திரவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர் அடிப்படையிலானது தோலுக்கு இலேசு, வியர்வைக்கு நிற்காது. சிலிக்கோன் வகை எங்கள் காலநிலைக்கு நிற்கும், ஆனால் அதற்குரிய கழுவும் திரவம் வேண்டும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் கட்டிபட்டுவிடும். சிலிக்கோன், மதுசார வகைகள் தோலில் தண்ணீர் படாத படையாக இருப்பதால் வுழூவுக்கு முன் நீக்க வேண்டும். அதனால் சாச்சி மணப்பெண்ணை லுஹர் தொழுதுவிட்டு வரச் சொல்வார். அடுத்த வுழூவுக்கு உதவும் என்று கலைக்கும் திரவத்தையும் பஞ்சையும் ஒரு பையில் போட்டு உம்மாவின் கையில் கொடுத்துவிடுவார். எந்த வகையானாலும் முகத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், கைப்பணிக் கடை வர்ணத்தைத் தோலில் அடிக்கக் கூடாது. அடிக்கும்போது மணப்பெண் கண்ணை மூடி மூச்சை அடக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், செய்கிறவர் மாஸ்க் போடட்டும். வீஸிங் உள்ள பெண் என்றால் ஸ்பொஞ்சே நல்லது.

பெற்றோர் சிலர் "இதெல்லாம் வீண் செலவு" என்று சொல்வது எனக்குத் தெரியும். என் உம்மாவும் சொன்னார். தையல் மெசின் வாங்கும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சாச்சி பத்து மாதம் சேர்த்து, 0.35 நொசிலும் மேல் கிண்ணமும் உள்ள இரட்டைச் செயல் கருவி ஒன்றைக் கொழும்பில் ஒரு கடையில் அடித்துப் பார்த்து வாங்கினார். தழும்பை மறைக்கும் முறையும் இப்போது வேறு. முதலில் கருமையை அடக்க மெல்லிய செம்மஞ்சள் நிறம், அது காய்ந்ததும் தோலின் நிறம், பிறகு இன்னொரு படை. ஓரங்களில் சின்னச் சின்ன வட்டமாக. மேடு பள்ளத்தை எந்தக் கருவியாலும் மறைக்க முடியாது என்பதை முதலிலேயே பெண்ணின் உம்மாவிடம் சொல்லிவிடுகிறார். நிறம் ஒன்றாகிவிட்டால் மூன்றடி தள்ளி நிற்கிறவருக்கு அது கண்ணில் படாது.

போன மாதம் அந்தப் பழைய மணப்பெண்ணின் உம்மா திரும்பவும் வந்தார். தங்கச்சிக்குக் கல்யாணமாம். "மூத்தவவும் அன்றைக்கு உங்களிட்டதான் மேக்கப் பண்ணணும் என்றா" என்றார். சாச்சி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அன்று இரவில் இருந்து ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு பயிற்சி நடக்கிறது. கடதாசி முடிந்து, இப்போது என் பௌதிகவியல் கொப்பியின் பின்பக்கம் முழுக்கத் தவிட்டு நிறப் புள்ளிகள்.